எண்ணெய் குடிக்காத கத்தரிக்காய், பாதி தேறிய மூசாக்கா

கத்தரிக்காய், கொத்துக்கறி, வெள்ளைச் சாஸ் என்று அடுக்கி ஓவனில் சுடும் கிரேக்க உணவான மூசாக்காவில், கத்தரிக்காய் அடுக்கு ஒருவழியாக வசத்துக்கு வந்துவிட்டது. பொரிக்கவே இல்லை. ஒரு கிலோ காய்க்கு மொத்தமே மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய்தான், ஆனாலும் துண்டு வாயில் கரைகிறது. இந்தப் பதிவு பெரும்பாலும் கத்தரிக்காயைப் பற்றித்தான் இருக்கும். மேலே ஊற்றும் வெள்ளைச் சாஸ் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். கிரேக்கச் சமையலை ஆரோக்கியமாகச் செய்கிறேன் பேர்வழி என்று ஆலிவ் எண்ணெயை அடியோடு ஒழிக்கும் செய்முறைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1958-இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் கிரேக்கத்தின் கிரீட் தீவு ஆண்கள் சாப்பிட்ட கலோரியில் ஏறக்குறைய 40 சதவீதம் கொழுப்பிலிருந்து வந்தது, அதில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய். இதய நோய் அவர்களிடம்தான் மிகக் குறைவு. ஆலிவ் எண்ணெயில் காய்கறியும் அவரை வகைகளும் வேகும் லடேரா உணவுகளில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை, அவை அப்படியே நல்லவை. ருசிக்கு உதவாமல் எண்ணெய் ஒளிந்துகொள்ளும் இடங்கள் சில உண்டு, அங்கே மட்டும் குறைத்தால் போதும். பொரித்த கத்தரிக்காய் அதில் முதலிடம். பழைய முறையில் பொரித்தபோது சட்டியில் ஊற்றியதையும் மிஞ்சியதையும் அளந்து பார்த்தேன், ஒரு கிலோ காய் 200 மில்லி எண்ணெயை விழுங்கியிருந்தது. அது மட்டுமே 1,600 கலோரிக்கு மேல்.

கத்தரிக்காய் ஏன் இப்படிக் குடிக்கிறது என்றால் உள்ளே முழுக்கக் காற்றறைகள். சூடு பட்டதும் நீராவி வெளியேற, காலியான இடத்தில் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆக எண்ணெய் தொடுவதற்கு முன்பே அந்தக் காற்றறைகளை நசுக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். உப்பு போடுவது கசப்பை எடுக்க என்று பலர் எழுதுகிறார்கள், இப்போது கடையில் கிடைக்கும் காய்களில் கசப்பே பெரிதாக இல்லை. உப்பின் உண்மையான வேலை நீரை இழுத்துச் சதையைத் தளர்த்துவது. ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு, முக்கால் மணி நேரம், பிறகு கழுவி, பழைய வேட்டித் துணியில் நான்கைந்து துண்டுகளாக வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் பழுப்பு நீர் துணியில் வட்டம் வட்டமாக இறங்கும். துண்டு மெலிந்து, வளைத்தால் ஒடியாமல் வளையும், அந்தப் பதம்தான் வேண்டும். ஒடிந்தால் இன்னும் பத்து நிமிடம்.

தடிமனைப் பற்றி நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒன்றரை சென்டிமீட்டர். பொரிப்பதற்கு ஒரு சென்டிமீட்டர் சரி, ஓவனில் அது வறண்டு செருப்புத் தோலாகிவிடும். தோலைப் பட்டை பட்டையாகச் சீவி, பாதியை விட்டுவிடுகிறேன், முழுத் தோலும் இருந்தால் வெட்டும்போது கத்தி இழுத்து அடுக்கு கலைகிறது, முழுவதும் சீவினால் துண்டு குழைந்துவிடுகிறது. ஓவன் 220 டிகிரி, தட்டும் உள்ளேயே இருந்து காய்ந்திருக்க வேண்டும், துண்டை வைத்ததும் சுர்ரென்று கேட்க வேண்டும். எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் தூரிகையால் துண்டின் இரண்டு பக்கமும் தடவுகிறேன், தட்டில் ஊற்றினால் முதலில் வைக்கிற துண்டே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். துண்டுகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. பதினைந்து நிமிடத்தில் திருப்பி, மொத்தம் அரை மணி நேரம்.

இனிதான் என் கண்டுபிடிப்பு என்று மார்தட்டிக்கொள்ளும் இடம் (வேறு யாராவது முன்பே செய்திருக்கலாம், எனக்குக் கவலையில்லை). ஓவனில் சுட்ட கத்தரிக்காயின் ஓரம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் விறைத்துத்தான் வருகிறது. அதனால் வெளியே எடுத்த சூட்டோடு எல்லாத் துண்டுகளையும் ஒரு பாத்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கமான மூடி போட்டு, கால் மணி நேரம் தொடாமல் விட்டுவிட வேண்டும். தன் ஆவியிலேயே ஓரம் இளகி, நடுப்பகுதி பட்டாக மாறிவிடுகிறது. மூடியைத் திறந்தால் அடியில் ஒரு கரண்டி அளவு கருஞ்சாறு தேங்கியிருக்கும், அதைக் கொட்டாதீர்கள், கொத்துக்கறியில் சேர்த்துவிடுங்கள். இந்த ஒரு படியில்தான் பொரித்த காய்க்கும் சுட்ட காய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

கறி அடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கொழுப்புக் குறைந்த மாட்டுக் கொத்துக்கறி பாதி, தோலோடு வேகவைத்த மைசூர்ப் பருப்பு பாதி, தக்காளி, கொஞ்சம் சிவப்பு ஒயின், பட்டை, ஆல்ஸ்பைஸ். பருப்பைக் குழையவிடாதீர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட வதக்க வேண்டும், கரண்டியால் கோடு இழுத்தால் சாறு ஓடி வந்து மூடக் கூடாது.

இப்போது அந்தச் சாஸ். பெஷமெல் என்ற இந்த வெள்ளைச் சாஸ் இல்லாத மூசாக்கா மூசாக்காவே இல்லை என்று சண்டைக்கு வருபவர்களுக்கு ஒரு தகவல்: அது அப்படியொன்றும் ஆதிகாலத்து வழக்கம் இல்லை. நிக்கோலாஸ் செலெமெண்டெஸ் (1878–1958) என்ற கிரேக்கச் சமையல் வல்லுநர் பிரெஞ்சுப் பாணியில் வெண்ணெய், மாவு, பால் சாஸை 1920-களில் மேலே ஏற்றிய பிறகுதான் இன்று நாம் பார்க்கும் வடிவம் பரவியது. கிரேக்க மொழியில் சமையல் புத்தகத்துக்கே அவர் பெயர் வழங்கும் அளவுக்குச் செல்வாக்கு. ஆலிவ் எண்ணெயைவிட வெண்ணெய் நாகரிகம் என்று நினைத்தவர், எனக்கும் அவருக்கும் அங்கேதான் ஒத்துப்போகவில்லை.

என் சாஸ் இப்படி: ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, மாவு 40 கிராம், பால் அரை லிட்டர் சேர்த்துக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வடிகட்டிய தயிர் 200 கிராம், ஒரு முட்டை, துருவிய கெஃபலோகிராவியேரா பாலாடைக்கட்டி ஒரு பிடி, ஜாதிக்காய். ருசி அருமை, கொஞ்சம் புளிப்பு கறியின் கனத்தைத் தூக்கிவிடுகிறது. ஆனால் வெட்டினால் நிற்க மாட்டேன் என்கிறது. இறக்கி ஒரு மணி நேரம் ஆறவிட்டாலும் ஓரத்தில் சரிகிறது, மேலே நிறமும் சீராக ஏறவில்லை. கொழுப்பே இல்லாத தயிரைப் போட்டால் திரிந்து மணல் மணலாகிவிடுகிறது, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தயிர் விஷயத்தில் கடைகள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. இங்கே மெல்பர்னில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் ‘கிரேக்கப் பாணி’ என்று எழுதி விற்ற டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பால் பவுடரும் கெட்டியாக்கும் மாவும் சேர்த்திருந்தார்கள். வடிகட்டிக் கெட்டியானது வேறு, மாவு போட்டுக் கெட்டியானது வேறு, ஓவனில் ஏறியதும் சாயம் வெளுத்துவிடும். முழுக்கொழுப்புத் தயிரை வாங்கி, துணியில் கட்டி இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் தொங்கவிடுவதுதான் எனக்கு நம்பிக்கை. வடிந்த மோர்த் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசைகிறேன்.

பாலாடைக்கட்டிக்கு ஓக்லீ போவேன், மெல்பர்னில் கிரேக்கக் கடைகள் குவிந்திருக்கும் பகுதி அது. காம்போடு கட்டிய ஓரெகானோவும் அங்கே கிடைக்கிறது, அதைக் கையால் கசக்கித் தூவிப் பார்த்தவர்கள் பொட்டலத் தூளைத் திரும்பித் தொட மாட்டார்கள். கடையில் இருக்கும் பாட்டிக்கு இப்போது என்னைத் தெரியும். “பெதி மு (என் பிள்ளையே), சாஸில் வெள்ளைக்கருவைப் போடாதே, மஞ்சள் கரு மட்டும் போடு” என்று போன தடவை சொல்லி அனுப்பினார். அதைத்தான் அடுத்துச் செய்யப்போகிறேன், இரண்டு மஞ்சள் கரு, மாவு 50 கிராம்.

அதற்குள் அங்கே வாங்கிய பெரிய வெள்ளை அவரை, கிகாண்டெஸ், ஊறப்போட்டாயிற்று. தக்காளி, செலரி, வெங்காயத்தோடு ஓவனில் மெதுவாக வெந்து வர வேண்டும், இதில் எண்ணெயைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆட்டுப்பால் தயிரில் மூசாக்கா சாஸ் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால், வெட்டியபோது நின்றதா என்று மட்டும் சொல்லுங்கள்.