தரை காயும் வரை

வங்கியில் அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டபோது மனைவி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முஸ்கெல்ஹுப்பொதேக். தசையை ஈடு வைத்து எடுக்கும் கடன் என்று அர்த்தம். கையில் முதல் போதாதவர் வீடு கட்டும் வேலையில் ஒரு பங்கைத் தானே செய்கிறேன் என்றால், அந்த உழைப்பின் பெறுமதியை வங்கி அவருடைய முதலோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கும். எந்தெந்த வேலை செய்வாய், வெளியாளிடம் கொடுத்தால் எவ்வளவு போகும், உனக்கு அந்த வேலை தெரியுமா என்று தாள் தாளாகக் கேட்டார்கள். நான் 18 வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன். யாழ்ப்பாணத்தில் அப்பா வீடு கட்டியபோது மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுத்ததை எழுதலாமா என்று கேட்டேன். எழுதச் சொன்னார்கள்.

நாங்கள் இருப்பது ஜேர்மனியில், ஹம் நகரத்துக்குப் பக்கத்தில். காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வந்தவர்களுக்கு இடம் பிடிபடும். முழு வீட்டையும் முடித்துச் சாவி வாங்கும் அளவுக்கு எங்களிடம் பணம் இல்லை. வெளிக்கூட்டை மட்டும் ஒப்பந்தக்காரரிடம் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். அத்திவாரம், சுவர், கூரை, ஜன்னல், வெளிப்பூச்சு அவருடையது. கூரைக்கு வெப்பக்காப்பு, உட்பக்கப் பலகை, தரை விரிப்பு, கதவு, பெயின்ட் எங்களுடையது. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் தனித்தனி ஆட்கள். ஊருக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தில் பதிவு உள்ள மின்பணியாளர்தான் இங்கே இணைப்புக் கொடுக்கலாம். எங்களுக்கு வந்தவர் நல்ல மனிதர். சுவரில் தடம் வெட்டுவதையும் வயர் இழுப்பதையும் எங்களுக்கு விட்டுவிட்டு, பெட்டியைத் தானே பூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தத்தை மூன்று முறை வாசித்தேன். வாசித்தும் என்ன, அதில் என்ன இருக்கிறது என்றுதான் பார்த்தேனே தவிர என்ன இல்லை என்று பார்க்கவில்லை. வேலை நடக்கும்போது மின்சாரமும் தண்ணீரும் யார் செலவு? கழிவுத் தொட்டி யாருடையது? சாரத்தை நிற்க வைக்கும் வாடகை எத்தனை கிழமைக்கு? ஜன்னலுக்கும் உட்சுவருக்கும் நடுவே கை அகலத்துக்கு ஓர் ஓரம் இருக்கிறதே, அதைப் பூசுவது அவரா நாங்களா? 11 ஜன்னல். அந்த ஓரத்துக்காக இரண்டு கிழமை கடிதம் பரிமாறி, கடைசியில் நானே பூசினேன். இப்போது யாராவது ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினால் முதலில் ஜன்னல் ஓரத்தைத்தான் தேடுகிறேன்.

கூரை மரம் ஏறிய நாளில் ரிஷ்ட்ஃபெஸ்ட் என்கிற கூரை விழா வைத்தோம். தச்சர் கறுப்பு உடுப்போடு உச்சியில் நின்று ஒரு பாட்டுச் சொல்லி, குடித்த கண்ணாடிக் கிளாஸைக் கீழே எறிந்து உடைத்தார். அம்மாவுக்கு நெஞ்சு திக்கென்றது. நல்ல நாளில் கண்ணாடி உடைப்பார்களா? உடையாவிட்டால்தான் இவர்களுக்குக் கூடாதாம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த நாள் வந்து வாசல் பக்கம் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்.

சரி, எங்கள் முறை வந்தது. சனிக்கிழமைகளில் நண்பர்கள் வந்தார்கள். மச்சான், பக்கத்து ஊர் அண்ணை, மகனோடு படித்த இரண்டு பெடியள். ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் ஒருநாள் அவர்களைப் பார்த்துவிட்டு, பதிவு செய்தாயா என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. சம்பளமே வாங்காமல் உதவிக்கு வருபவர்களையும் கட்டுமானத் தொழிலுக்கான விபத்துக் காப்புறுதிச் சங்கமான பே கே பௌவுக்கு, வேலை தொடங்கி ஒரு கிழமைக்குள் அறிவிக்க வேண்டுமாம். ஏணியிலிருந்து யாராவது விழுந்தால் அவர்கள்தான் பார்ப்பார்கள். வீட்டுக்காரனும் மனைவியும் அதற்குள் தானாக வரமாட்டார்கள், விரும்பினால் தனியாகச் சேரலாம். அன்றிரவே படிவம் நிரப்பினேன். அதற்குப் பிறகு சுவரில் ஒரு கொப்பி தொங்கியது. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதுவது மகளின் வேலை. வந்த அண்ணைமார் முதலில் முகம் சுளித்தார்கள். "என்ன, ஃபாக்டரி மாதிரி காட் அடிக்க வேணுமோ?"

கூரைக்குள் வெப்பக்காப்புப் பஞ்சு அடைப்பது வேலையே இல்லை, அரிப்பை மட்டும் தாங்கினால் போதும். அதன் மேல் ஒட்டும் நீராவித் தடுப்புத் தாள்தான் வேலை. வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று பஞ்சுக்குள் புகக்கூடாது என்பதற்காக, தாளின் ஒவ்வொரு பொருத்தையும், வயர் போகும் ஒவ்வொரு ஓட்டையையும் நாடா போட்டு அடைக்க வேண்டும். அடைத்து முடிந்ததும் ஒருவர் வந்து வாசல் கதவில் துணிச் சட்டம் ஒன்றை மாட்டி, அதில் பெரிய விசிறியை வைத்து வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் வித்தியாசம் வைத்துக்கொண்டு எங்கே காற்று நுழைகிறது என்று பார்க்கும் சோதனை அது. பின்னங்கையைத் தாளோரம் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். புகைபோக்கி ஓரத்தில் குளிர்காற்று ஊசி மாதிரிக் குத்தியது. நான் மிகவும் அழகாக ஒட்டியதாக நினைத்திருந்த இடம்.

அப்புறம் எஸ்திரிச். தரைக்குப் போடும் சீமெந்துச் சாந்தை இங்கே அப்படித்தான் சொல்வோம். அதற்குள் சூடாக்கும் குழாய்கள் ஓடும். ஒரே நாளில் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். நவம்பர் மாதம். பெரியதொரு வேலை முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். ஊற்றிய தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. பத்து நாள் கழித்துக் காலையில் மேல்மாடியில் ஏறினால் பரணுக்குப் போகும் ஓட்டை மூடியில்லாமல் கிடக்கிறது. தாளை அவ்வளவு கவனமாக ஒட்டிவிட்டு, சோதனைக்கு மூடிய அந்த ஓட்டையைத் திரும்ப மூட மறந்திருந்தோம். தலையை நீட்டிப் பார்த்தேன். குளிர்ந்த கூரைத் துணியின் அடியில் வரிசை வரிசையாக நீர்த்துளி. தச்சர் நின்று பாட்டுச் சொன்ன முகட்டு மரத்தில் தேமல் விழுந்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள்.

பூஞ்சணம். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஓட்டைக்குப் பலகை அடித்து, நாடா ஒட்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரண்டு வாடகைக்கு எடுத்தோம். ஜன்னல்களைச் சாய்த்து வைக்காமல், நாளுக்கு நான்கு தடவை முழுதாகத் திறந்து பத்து நிமிடத்தில் மூட வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நான், பள்ளிக்கூடம் விட்டு மகள், மாலையில் மனைவி, இரவு திரும்பவும் நான். கறுப்புப் புள்ளிகளைக் காயவிட்டுச் சுரண்டித் துடைத்தோம். நல்லவேளை, மேலோடு நின்றிருந்தது.

பிறகு காத்திருப்பு. சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்க ஒரு அட்டவணை தந்தார்கள். மரத்தரை வாங்கி மூலையில் அடுக்கியாயிற்று, குடியிருந்த வீட்டுக்கு வாடகையும் கட்டுகிறோம், இங்கே கடனும் தொடங்கிவிட்டது. தரையைத் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கிறது. "இது காய்ஞ்சிட்டுது, போடலாம்" என்று மச்சான் ஒவ்வொரு சனியும் சொன்னான். தரை போடுகிற வேலையில் இருந்த பக்கத்து ஊர் அண்ணை மட்டும் விடவில்லை. "தம்பி, கையை நம்பாதை, போத்தலை நம்பு."

போத்தல் என்றது இதைத்தான். சோதனைக்கு வந்தவர் தரையில் ஓரிடத்தை அடிவரைக்கும் கொத்தி எடுத்து, இரும்புக் கிண்ணத்தில் போட்டுச் சுத்தியலால் பொடியாக்கினார். தராசில் நிறுத்து, தடித்த இரும்புப் போத்தலுக்குள் கொட்டினார். அதற்குள் நாலு இரும்புக் குண்டும் சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்றும் போட்டு மூடிக் குலுக்கினார். குழாய் உடைந்து அதிலிருக்கும் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு வரும், அந்த அழுத்தத்தை மூடியில் இருக்கும் முள் காட்டும். மூடியைத் திறந்தபோது ஒரு நாற்றம் வந்தது. அம்மா சட்டென்று நிமிர்ந்தார். "இது காபைட்டல்லோ?" அதேதான். ஊரில் மாம்பழம் பழுக்க வைக்கக் கள்ளத்தனமாகப் போடுவார்களே, அதே கல்சியம் காபைட்டு. ஜேர்மன்காரருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன், அவர் போத்தலையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

முள் 2.6 வீத ஈரத்தில் நின்றது. சூடாக்கும் குழாய் உள்ள எங்கள் சீமெந்துத் தரைக்கு 1.8-க்குக் கீழே வர வேண்டும். திரும்பவும் ஐந்து கிழமை. இரண்டாம் முறை 1.7. மச்சான் அதற்குப் பிறகு தரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காத்திருந்த கிழமைகளில் ரிகிப்ஸ் என்கிற, காகிதம் ஒட்டிய ஜிப்சம் பலகை அடித்தோம். இது பழகினால் பிடித்துப்போகிற வேலை. நாலு மூலை ஓரிடத்தில் சந்திக்காமல் பலகைகளை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், சந்தித்தால் அந்த இடத்தில் வெடிப்பு வரும். ஸ்குரூவின் தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே இறங்க வேண்டும். முதல் அறையில் பாதிக்கு மேல் கிழித்தோம். மூன்றாவது அறையில் சத்தத்தை வைத்தே எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிட்டது. முதல் அறையை எனக்கு எடுத்துக்கொண்டேன், நல்ல அறை மகளுக்கு. குளியலறையில் ஓட்டுக்கு அடியில் பூசும் நீர்த்தடுப்பை நாங்கள் தொடவேயில்லை. யூடியூப் பார்த்துச் செய்யலாம் என்று மச்சான் சொன்னான்தான். தரையில் வாங்கிய பாடம் அவனை விட எனக்கு நன்றாக நினைவிருந்தது.

குடிபூரலன்று பால் பொங்கியபோது படிக்கட்டுக்குக் கைபிடி இல்லை, மூன்று அறைகளுக்குக் கதவு இல்லை. வங்கிக்குக் காட்டிய கணக்கில் எங்கள் உழைப்பு 600 மணித்தியாலம். மகளின் கொப்பியைக் கூட்டிப் பார்த்தால், உதவிக்கு வந்தவர்களையும் சேர்த்து, 1,400-ஐத் தாண்டுகிறது. அதில் பக்கத்து ஊர் அண்ணையின் பெயருக்கு நேரே 112 மணி நிற்கிறது. இப்போது அவருடைய மகன் கட்டத் தொடங்கியிருக்கிறான். போன சனி போய் 9 மணி நேரம் தாள் ஒட்டிவிட்டு வந்தேன். போனதும் முதல் வேலையாகப் பரண் ஓட்டைக்குப் பலகை அடித்தேன்.