கேஷா, ஆன்லைனா?

"எனக்கு அதப் பண்ணத் தெரியாது தம்பி. நீங்களே பண்ணிருங்க."

கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பெரியவர் போனில் சொன்னது. கோபமாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

ஆப்பில் டாக்ஸி ஓட்டுகிறவன் நான். வழக்கம்போல, "டிராப் எங்க சார், கேஷா ஆன்லைனா?" என்று கேட்டிருந்தேன். அடையாறாம், ஆஸ்பத்திரியாம். மும்பையிலிருக்கும் மகன் புக் பண்ணி, பணத்தையும் ஆன்லைனிலேயே கட்டிவிட்டானாம். "அப்ப கேன்சல் பண்ணிடுங்க சார்" என்றேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

நான் கேன்சல் அடித்தால் என் ஐடிக்குத்தான் அடி, அடுத்த டியூட்டி லேசில் விழாது. அவர் பண்ணட்டும் என்று நானும், எதை அமுக்குவது என்று தெரியாமல் அவரும் பத்து நிமிஷம் இருந்தோம். வண்டிக்குள்ளிருந்தே அவரைப் பார்த்தேன். ஒரு கையில் ஸ்கேன் கவர். இன்னொரு கையில் போனை எட்டப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மஞ்சள் போர்டாகக் குனிந்து நம்பரைப் படித்தபடி வந்தார். அவர் கூட வந்த அம்மா பை மேலேயே உட்கார்ந்திருந்தார். மூன்று வண்டி பாக்கி இருக்கும்போது நான் லைட்டை அணைத்தேன். போன் அதிர்ந்தது. கேன்சல். மகன்தான் அங்கிருந்து பண்ணியிருக்க வேண்டும்.

அன்றைக்கு டீசல் ரிசர்வில். பையில் 340 ரூபாய். ஆன்லைன் காசு கமிஷன் போக என் கணக்குக்கு வர ரெண்டு நாளாகும். லிட்டர் 92 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கில் கடன் சொல்ல முடிந்திருக்குமா? 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.காரர்கள் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றார்கள். அந்த ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், டீசல் பக்கம் வரவேயில்லை. பைக் வைத்திருப்பவனுக்கு ஓட்டு அதிகம் என்று ஸ்டாண்டில் பேசிக்கொள்வோம். டெல்லிக்காரன் மட்டும் என்ன, விலை ஏறும்போது ஏற்றிவிட்டு 2021 நவம்பரில் டீசல் வரியில் 10 ரூபாய் குறைத்ததைப் பெரிய தயவாகச் சொன்னான். இலவச பஸ்ஸால் சவாரி போச்சு என்றும் திட்டுவோம். என் மனைவி அந்த பிங்க் பஸ்ஸில்தான் தினம் வேலைக்குப் போகிறாள். அதை ஸ்டாண்டில் சொன்னதில்லை.

இதெல்லாம் நிஜம். ஆனால் 340 ரூபாய்க்கு மூன்றரை லிட்டர் போட்டிருக்கலாம், அடையாறு போய்வர அது தாராளம். அந்தக் கணக்கை அப்போது ஏன் போடவில்லை? நாலு நாளில் இ.எம்.ஐ. என்பதுதான் மண்டையில் ஓடியது. அல்லது அப்படி இப்போது சொல்லிக்கொள்கிறேனோ.

அவரை விட்டுவிட்டுப் பிடித்த கேஷ் சவாரியும் தாம்பரம் வரைக்கும்தான்.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு ஒரு வழிகாட்டுதல் போட்டது. சரியான காரணமில்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். டிரைவருக்கும் உண்டு, பயணிக்கும் உண்டு. குரூப்பில் எல்லோரும் கொதித்தார்கள், நானும் ரெண்டு வரி காரமாகவே போட்டேன். போட்டுவிட்டு யோசித்தால், அன்றைக்கு அந்த 100 யாரிடம் பிடித்திருப்பார்கள்? பட்டனை அமுக்கியது அவர் வீட்டு ஆள்தானே.

நேற்றும் ஒருவரிடம் கேட்டேன், கேஷா ஆன்லைனா என்று. ஆன்லைன் என்றார். போனேன். நேற்று டேங்க் ஃபுல்லாக இருந்தது.