கல்லில் சுட்ட ரொட்டிகளைத் தேடி: ஹாரோவிலிருந்து ஸ்டோக் வரை

லண்டனில் காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கக் கிளம்பும் முன் அன்று ஞாயிற்றுக்கிழமையா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். 1994ஆம் ஆண்டு ஞாயிறு வணிகச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் அன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம், அதுவும் காலை 10 மணிக்குப் பிறகு. எட்டு மணிக்குப் பசியோடு போனால் பெரிய சூப்பர்மார்க்கெட்டில் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். தெருமுனைச் சின்னக் கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. லண்டனின் ஹாரோ பகுதியில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கடை உண்டு. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"மஃபினோ அண்ணை? கேக் மஃபின் எண்டால் உங்கால, தேத்தண்ணிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில. பட்டர் பூசிச் சாப்பிடுறது எண்டால் பாண் தட்டில பாருங்கோ."

பாண் என்று அவர் சொன்ன ரொட்டித் தட்டில் நான் தேடி வந்த கூட்டம் மொத்தமும் இருந்தது. நான்கு மஃபின் ஒரு பையில், ஆறு கிரம்பெட் ஒரு பையில், கொஞ்சம் தள்ளி மெல்லிசாகப் பைக்லெட். குளிர் தொடங்கிவிட்டால் கிரம்பெட் நிற்காமல் ஓடும் என்றார் கடைக்காரர். கோடையில் ஆள் தேடாதாம். இரண்டு பையும் எடுத்துக்கொண்டு ஐந்து பவுண்டு நோட்டைக் கொடுத்தால் சில்லறை கணிசமாகத் திரும்பி வந்தது. லண்டனில் அப்படி நடப்பது அபூர்வம்.

இவை எல்லாமே அடுப்புக்குள் வைத்துச் சுடாமல் சூடான கல்லின் மேல் சுடுபவை. இன்று தொழிற்சாலையில் ஓடும் இரும்புத் தட்டுகள் அந்தக் கல்லின் வேலையைச் செய்கின்றன. முன்பு இங்கிலாந்தின் சாதாரண வீடுகளில் ரொட்டி அடுப்பு கிடையாது. கணப்பில் நெருப்பு இருந்தது, அதன் மேல் வைக்க ஒரு கல் அல்லது இரும்புத் தட்டு இருந்தது. அதில் என்ன முடியுமோ அதைச் சுட்டார்கள். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மென்மையான மாவை வட்டமாக வைத்து, ஒட்டாமலிருக்க ரவையோ சோள மாவோ தூவி, இரு பக்கமும் திருப்பிப் போட்டால் மஃபின். அதனால்தான் மேலும் கீழும் பழுப்பாகவும் நடு இடுப்பு மட்டும் வெள்ளையாகவும் இருக்கிறது. அதையே கரைத்த மாவாக்கி, கல்லில் வைத்த வளையத்துக்குள் ஊற்றி, பெரும்பாலும் கீழிருந்தே வேகவிட்டால் கிரம்பெட். குமிழ்கள் மேலே வந்து உடைந்து அந்த ஓட்டைகளை விட்டுப் போகின்றன. வளையமே இல்லாமல் ஊற்றினால், மெலிந்து கோணல்மாணலாக வருவது பைக்லெட்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் கிரம்பெட்டில் பெரும்பாலும் முட்டை இருக்காது. மஃபினில் சில கம்பெனிகள் பால் சேர்க்கின்றன. பையின் பின்னால் வரிசையாக இ-எண்கள், அதாவது உணவில் சேர்க்கும் பொருள்களின் குறியீட்டு எண்கள் இருக்கும். அவற்றில் சில கொழுப்பிலிருந்து எடுப்பவை, தாவரக் கொழுப்பா விலங்குக் கொழுப்பா என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சைவ உணவுக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்த ஆராய்ச்சி மிச்சம். வேல்ஸ் பக்கம் போனால் வெல்ஷ் கேக் என்று உலர்திராட்சை போட்டு, இதே மாதிரி கல்லில் சுட்டது கிடைக்கும். பழைய செய்முறையில் முட்டையும் பன்றிக் கொழுப்பும் உண்டு. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மஃபினைக் கத்தியால் வெட்டக் கூடாது என்பது இங்கே பழைய சட்டம். ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே, கத்தி பட்டால் ஈயம் மாதிரி கனத்துவிடும் என்று எச்சரிக்கிறார். விளிம்பைச் சுற்றி முள்கரண்டியால் குத்திக் கையால் பிளந்தால், உள்ளே மேடும் பள்ளமுமாக இருக்கும். வாட்டும்போது மேடுகள் மொறுமொறுப்பாகும், பள்ளங்களில் வெண்ணெய் தேங்கும். கத்தியில் வெட்டியதையும் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். அம்மையார் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கிறார், ஆனால் வித்தியாசம் நிஜம்தான்.

அந்தப் பள்ளங்களை வைத்து அமெரிக்காவில் வழக்கே நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க் போன சாமுவேல் பாத் தாமஸ் 1880இல் அங்கே ரொட்டிக் கடை திறந்தார். அவர் பெயரில் வரும் மஃபின்தான் இன்றும் அமெரிக்காவில் முன்னணி பிராண்டுகளில் ஒன்று. 2010இல் அதன் உரிமையாளரான பிம்போ நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் போட்டி நிறுவனத்துக்குப் போகப் பார்த்தபோது, அந்த மேடுபள்ளம் வரும் முழுச் செய்முறை உலகில் ஏழு பேருக்குத்தான் தெரியும், இவர் அதில் ஒருவர் என்று கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றமும் அவர் அந்த வேலைக்குப் போகத் தடை விதித்தது. ஒரு மஃபினுக்கு இவ்வளவா என்றுதான் தோன்றும். வெண்ணெய் தேங்கிய மஃபினைக் கடித்துக்கொண்டே படித்தால் அப்படித் தோன்றாது.

லண்டனிலும் இப்போது நல்ல பேக்கரிகள் கையால் மஃபின் செய்கின்றன. கிழக்கு லண்டனில் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே ஒரு கடையில் புளித்த மாவில் செய்ததை வாங்கினேன். ஒன்றின் விலைக்கு சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பையே வாங்கிவிடலாம். தடிமன், லேசான புளிப்பு, மெல்ல மெல்ல ருசி. ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்கலாம். தினமும் என்றால் பையில் வருவதே போதும், எப்படியும் வீட்டில் இன்னொரு முறை வாட்டத்தானே போகிறோம். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களில் தலையில் தட்டு, கையில் மணியோடு மஃபின் விற்றார்களே, அவர்களிடம் வாங்கியவர்களும் வீட்டு நெருப்பில் வாட்டித்தான் சாப்பிட்டார்கள். 1839இல் வந்த போலீஸ் சட்டம் சத்தம் எழுப்பும் கருவிகளை ஒலித்துத் தெருவில் விற்பதைத் தடை செய்தது. மணி அதற்குப் பிறகும் ஓயவில்லை.

கிரம்பெட் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: தொழிற்சாலைக் கிரம்பெட்டே நல்ல கிரம்பெட். வெந்திருந்தாலும் சிவக்காத நிலையில்தான் அதை விற்கிறார்கள், மீதி வேலை நம்முடையது. டோஸ்டரில் ஒரு முறை போட்டால் வெள்ளையாக, ரப்பர் மாதிரி வரும். உடனே இரண்டாவது முறையும் போட வேண்டும். அடி நன்றாகச் சிவந்து ஓட்டைகளின் விளிம்பு கருக ஆரம்பிக்கும்போது எடுத்து, உப்புப் போட்ட வெண்ணெயைத் தாராளமாக வைத்து, அது கீழே இறங்கித் தட்டை நனைக்கும் வரை பொறுத்திருந்து சாப்பிட வேண்டும். கிரம்பெட்டுக்குப் பேர்போன வார்பர்டன்ஸ் 1876இல் போல்ட்டனில் தொடங்கிய குடும்பக் கம்பெனி. 2018 கோடையில் அவர்களுடைய சில ஆலைகளில் கிரம்பெட் உற்பத்தியே நின்றுபோனது. மாவுக்கோ ஈஸ்டுக்கோ பஞ்சமில்லை. சீக்கிரம் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பைக்குள் அடைக்கும் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கவில்லை. அந்த வாயு அம்மோனியா உர ஆலைகளில் உபபொருளாகக் கிடைப்பது. ஆலைகள் பராமரிப்புக்காக மூடியிருந்தன. உர ஆலை மூடினால் காலைச் சாப்பாட்டுத் தட்டு காலியாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

நடுவில் ஒரு நாள் பாத் நகரம் போனோம். சாலி லன் பன் அந்த ஊர்ப் பெருமை. அதை விற்கும் வீடு ஊரின் மிகப் பழைய வீடுகளில் ஒன்று, நிலவறையில் பழைய சமையலறையைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 1680இல் பிரான்சிலிருந்து தப்பி வந்த ஒரு பெண் இந்தப் பன்னைக் கொண்டுவந்தாள் என்பது கதை, ஆவணம் எதுவும் இல்லை. பன் பெரிதாக, பஞ்சு மாதிரி, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அடுப்பில் சுடும் வேறு சாதி. என் மனசு ஏற்கெனவே ஸ்டோக் போய்விட்டது.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டுக்கு யூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் போகாத ஊர். டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹேன்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று ஆறு ஊர்கள் 1910இல் ஒன்றாகச் சேர்ந்தவை. எல்லாமே பீங்கான் ஊர்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே, பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஜோசையா வெட்ஜ்வுட் கையில் பூச்சாடியோடு சிலையாக நிற்கிறார். பலரும் இங்கே பீங்கான் பார்க்கத்தான் வருகிறார்கள். நான் வந்தது ஓட்கேக்குக்கு.

ஸ்காட்லாந்து ஓட்கேக் பிஸ்கட் மாதிரி ஒடியும். ஸ்டோக் இருக்கும் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்து ஓட்கேக் அதுவல்ல. ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் கலந்து ஈஸ்ட் போட்டுப் பொங்கவிட்டு, கல்லில் ஊற்றிச் சுட்ட மெல்லிய வட்டம். எனக்குப் பார்த்ததும் தோன்றியது, நம் ஊரில் யாருக்கும் தோன்றுவதுதான்: மொறுமொறுப்பில்லாத கோதுமை தோசை. பர்ஸ்லெம் பக்கம் நான் போன கடையில் காலை எட்டரைக்கே வாசலுக்கு வெளியே வரிசை. உள்ளே நீளமான சூட்டுத் தட்டு. ஒருவர் மாவை வரிசையாக ஊற்றிக்கொண்டே போனார், பின்னாலேயே இன்னொருவர் நீண்ட தட்டையான கரண்டியால் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார். மேல்பக்கம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து ஈரம் மறைந்ததும் திருப்பல். வெந்தவற்றை அடுக்கித் துணியால் மூடி வைக்கிறார்கள், ஆவியிலேயே மெத்தென்று ஆகின்றன.

வாங்கும் முறை எளிது. வீட்டுக்கு என்றால் அரை டஜன், ஒரு டஜன் என்று கேட்க வேண்டும். அங்கேயே சாப்பிட என்றால் உள்ளே என்ன வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். "என்ன வேணும், டக்?" என்று கேட்டார் கல்லாவில் இருந்த அம்மா. அந்த ஊரில் ஆண், பெண், சின்னவர், பெரியவர் எல்லோருமே டக்தான். பன்றிக்கறியும் சீஸும்தான் ஊர் வழக்கம். நான் சீஸும் காளானும் கேட்டேன். கறி இதே கல்லில் வேகுமா என்று கொஞ்சம் தயங்கிக் கேட்டதற்கு, தனியாக இருந்த வேறு தட்டைக் கையால் காட்டினார், முகம் சுளிக்கவில்லை.

சூட்டில் சீஸ் உருகி, மடித்துக் காகிதத்தில் சுற்றித் தந்ததை வெளியே நின்றபடியே சாப்பிட்டேன். ஓட்ஸின் லேசான கொட்டை வாசனை, ஈஸ்டின் மெல்லிய புளிப்பு, ஓரத்தில் மட்டும் சின்ன முறுகல். கிழியாமல் மடங்குகிறது, ஆனால் பல்லுக்கு வேலை வைப்பதில்லை. இத்தனை நாள் தின்ற மஃபினும் கிரம்பெட்டும் வெண்ணெயைத் தாங்குவதற்காகப் பிறந்தவை. இதற்கு வெண்ணெயே வேண்டாம்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நான் இந்தியன் என்று தெரிந்ததும் ஒரு கதை சொன்னார். இந்தியாவில் வேலை பார்த்த ஸ்டாஃபர்ட்ஷயர் படைவீரர்கள் அங்கே தின்ற சப்பாத்தி மேல் ஆசைப்பட்டு, ஊர் திரும்பியதும் கையில் கிடைத்த ஓட்ஸில் அதைச் செய்யப் பார்த்தார்களாம், அதுதான் ஓட்கேக்காம். ஊரில் பலரும் சொல்லும் கதை. கேட்க நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் நம்புவதற்கில்லை. பக்கத்திலிருக்கும் மலைச்சரிவுகள் குளிரும் ஈரமும் நிறைந்தவை, கோதுமை சரியாக விளையாது, ஓட்ஸ் விளையும். அங்கிருந்த உழவர்கள் விளைந்ததைக் கரைத்துக் கல்லில் ஊற்றினார்கள், பீங்கான் ஆலைகள் வந்தபோது தொழிலாளிகள் அதையே மடித்துச் சாப்பிட்டார்கள். டெர்பிஷயர் பக்கம் இதே ஓட்கேக் கொஞ்சம் சிறிதாகவும் தடித்தும் இருக்கும். அதற்கு எந்தப் படைவீரரும் தேவைப்படவில்லை.

அதே பெரியவர்தான் ஹேன்லியின் வாட்டர்லூ தெருக் கடையைப் பற்றியும் சொன்னார். வரிசை வீடொன்றின் முன் அறையில் சுட்டு, ஜன்னல் வழியாகவே தெருவில் நிற்பவர்களுக்கு விற்ற கடை. முன்பு இப்படி வீட்டு ஜன்னலில் விற்றவர்கள் இந்த ஊரில் நிறைய. அந்த வகையில் கடைசியாக மிஞ்சிய அது, பகுதியை இடித்துக் கட்டும் திட்டத்தால் 2012இல் மூடப்பட்டது. அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஓட்கேக் லண்டனில் கிடைக்காமலில்லை, பையில் அடைத்ததைச் சில கடைகளில் பார்த்திருக்கிறேன். அதை நம்பி ரயில் டிக்கெட்டை மிச்சம் பிடிக்காதீர்கள். கிரம்பெட் சிவக்காமலே விற்கப்படுவதால் பையில் இருந்தாலும் அதற்கு நஷ்டமில்லை. ஓட்கேக் கல்லிலேயே முழுசாக முடிந்துவிடுகிறது. மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் காய்ந்து, ஓரம் விறைத்து, இரண்டாம் நாளே வேறு பண்டமாகிவிடுகிறது. நான் ஒரு டஜன் வாங்கி அன்று மாலையே ஹாரோ கொண்டு சேர்த்தேன். பாதியை நடுவே காகிதம் வைத்து ஃப்ரீசரில் அடுக்கினாள் தங்கை. மீதியைச் சீஸ் வைத்து வாட்டிக் கொடுத்தபோது அவள் கணவர் ஒன்றைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மச்சான், ஆனா இதுக்கு சீஸை விட வெங்காயச் சட்னி பொருத்தமா இருக்கும்" என்றார். வைத்துப் பார்த்தோம். சட்னியின் காரத்தில் ஓட்ஸ் வாசனை இருந்த இடமே தெரியவில்லை. அடுத்ததற்கு அவரே ஃப்ரிட்ஜைத் திறந்து சீஸை எடுத்தார்.

போகிறவர்களுக்கு: ஓட்கேக் கடைகள் விடியற்காலையில் திறந்து மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடும் வகை, சில வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். லண்டனிலிருந்து காலையில் முதல் ரயிலைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்விடலாம்.