சரளி வரிசை கேட்ட மாலை

சேலம் அம்மாபேட்டையில் ஒரு வீட்டு வாசலில் இன்று மாலை அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் தறிச் சத்தம் விடாமல் ஓடியது. அவள் கை தன் கணக்கில் போனது. தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம்.

மூன்றாம் காலம், அதாவது மூன்றாம் வேகம், வந்ததும் வாய் வேகமெடுத்தது.

கை அதே நிதானத்தில் இருந்தது.

இந்தப் பாடமுறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டின் புரந்தரதாசர் என்பார்கள். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் என்று படிப்படியாக. முதல் ராகம் மாயாமாளவகௌளை. அதில் ச-ரி-க-ம இடையே உள்ள அதே இடைவெளிகள்தான் ப-த-நி-ச இடையிலும். பாதியைப் பிடித்த குழந்தைக்கு மீதியும் தொண்டையில் வந்துவிடும். எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள்!

ஆனால் இசைப் பாடம் வெகுகாலம் குருவின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. யாருக்குச் சொல்லித்தருவது என்பதில் பிறப்பும் குறுக்கே நின்றது.

1929இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கினார். பெரிய திறப்பு அது. என்னைக் கேட்டால், பின்னாளில் வந்த மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் அதைவிடப் பெரியவை. நம் சேலத்திலும் ஒன்று இருக்கிறது. பரம்பரையாகக் குடும்பங்களுக்குள் கைமாறிய நாதசுரமும் தவிலும் அங்கே வகுப்பறைப் பாடம்.

வீட்டில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால், சேர்க்கை சமயத்தில் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள்.