சாட்சி சொன்ன பிறகு

மார்ச் 2, ஞாயிறு

நேற்று மாலை சுகமளிக்கும் கூட்டம். அதனால் இன்றைய ஆராதனையில் சாட்சி நேரம் வழக்கத்தைவிட நீண்டது. முதுகுவலி போய்விட்டது, காது கேட்கிறது, சுகர் நீங்கிவிட்டது என்று ஒருவர் பின் ஒருவராக எழுந்து சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் சபையே "ஸ்தோத்திரம்" என்றது.

நேற்று கண்ணால் பார்த்த ஒன்றை மறக்கும் முன் எழுதிவைக்கிறேன். நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். கூட்டம் நடத்த வந்திருந்த ஊழியக்காரர் ஓர் இளைஞனை நாற்காலியில் உட்காரவைத்து, "இடது கால் குட்டை, எல்லோரும் பாருங்கள்" என்றார். இரண்டு ஷூக்களையும் ஒரே கையால் ஏந்திப் பிடித்திருந்தார். வலது ஷூவின் குதிகால் அந்தத் தம்பியின் பாதத்தை விட்டு விரலளவு விலகி நின்றது. சாக்ஸுக்கும் ஷூவுக்கும் நடுவே இடைவெளி நன்றாகவே தெரிந்தது. அதனால்தான் இடது கால் குட்டையாகத் தோன்றியது. ஜெபம் உரக்க உரக்க அவருடைய கை மெல்லத் தள்ளியது, இடைவெளி மறைந்தது, கால்கள் சமமாயின. "வளர்ந்துவிட்டது!" என்றார்கள். வளர்ந்ததாகச் சொன்ன கால் இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

இது பழைய வித்தை. இப்படிப்பட்ட வித்தைகளை அம்பலப்படுத்திய மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி 1980களிலேயே இதை விளக்கிக் காட்டியிருக்கிறார். ஊழியக்காரர் தெரிந்தே செய்தாரா, அவருக்குக் கற்றுக்கொடுத்தவரை நம்பிச் செய்தாரா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அந்தத் தம்பியின் கால் வளரவில்லை. அதை வளர்ந்தது என்று சொல்லிக் கடவுளுக்கு மகிமை சேர்க்க முடியாது.

மார்ச் 4, செவ்வாய்

"உனக்கு விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்றார் அண்ணன், போனில். இல்லை. ஜெபிக்கிறேன், ஜெபத்துக்குப் பதில் வரும் என்றும் நம்புகிறேன். ஒருவர் மேடையில் சொன்னது நடந்ததா என்று கேட்பது வேறு விஷயம்.

பைபிளில் லூக்கா 17ஐ மறுபடி வாசித்தேன். பத்துக் குஷ்டரோகிகள் இரக்கம் கேட்கிறார்கள். இயேசு அவர்களைச் சாட்சி சொல்லச் சொல்லவில்லை. "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்கிறார். ஆசாரியரின், அதாவது யூதக் குருவின், வேலை என்ன என்பது லேவியராகமம் 13இல் இருக்கிறது. தோலைப் பார்க்க வேண்டும், சந்தேகமாக இருந்தால் ஏழு நாள் தனியே வைத்து மறுபடி பார்க்க வேண்டும், அப்போதும் தெளிவில்லை என்றால் இன்னும் ஏழு நாள். எவ்வளவு பொறுமையான சோதனை! சுகமாக்கியவரே சுகமானவர்களை இந்தச் சோதனைக்குத்தான் அனுப்புகிறார். நம் சபையிலோ சனி இரவு ஜெபம், ஞாயிறு காலை சாட்சி. நடுவில் விடிந்தது மட்டும்தான்.

மார்ச் 8, சனி

மனசு ஆறவில்லை. போன ஞாயிறு சுகர் நீங்கியதாகச் சாட்சி சொன்ன அக்காவைப் பார்க்கப் போனேன். அழைத்தபோதே குரலில் தெம்பில்லை. நேரில் பார்த்தால் உதடு வறண்டு, அடிக்கடி தண்ணீர் குடித்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பாத்ரூம் போய்க்கொண்டு இருக்கிறார். பல வருடமாக இன்சுலின் போடுகிறவர். கூட்டம் முடிந்த இரவே ஊசியையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாராம்.

"சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணிட்டேன் தம்பி. இனிமே ஊசி போட்டா அது அவிசுவாசம்."

வாதம் பண்ணாமல், "ஒரு தடவை பார்த்துடலாமா அக்கா?" என்று மட்டும் கேட்டேன். அலமாரியில் சுகர் பார்க்கும் கருவி இருந்தது. விரலில் குத்தி, துளி ரத்தத்தைப் பட்டையில் வைத்தோம். எண் வரவில்லை. 'ஹெச் ஐ' என்ற இரண்டு எழுத்து மட்டும் வந்தது. பட்டை கெட்டுப்போயிருக்கும் என்றார் அக்கா. இல்லை, அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். பல கருவிகளில் அந்த எல்லை 600. இதை அப்படியே விட்டால் நினைவு தப்பும், உயிரும் போகும். அவருடைய மகனை அழைத்து உடனே மருத்துவமனையில் சேர்த்தோம்.

வண்டியில் போகும்போது அக்கா கேட்டார்: "அப்போ ஆண்டவர் செய்யலையா தம்பி?"

அந்தக் கேள்விதான் இன்றைய நாளின் பெரிய வலி. "உங்களை அவர் விடலை அக்கா. ஊசியை நிறுத்தச் சொன்னது அவர் இல்லை" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகாமல் மருத்துவமனையில் இருந்தேன். அக்கா தேறிவிட்டார். இன்றைய சபையில் அவருடைய பெயர் ஜெபக்குறிப்பில் வந்ததாம், "திடீர் பலவீனம்" என்று. போன வாரத்துச் சாட்சியையும் இந்த வாரத்துப் பலவீனத்தையும் யாரும் சேர்த்துப் பேசவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். சாட்சி சொல்ல ஒலிவாங்கி கிடைக்கிறது. ஒரு மாதம் கழித்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்கத்தான் ஆளில்லை. முதுகுவலி பாடலிலும் ஜெபத்திலும் நிஜமாகவே குறையும். அந்த நேரத்து எழுச்சியில் உடம்பே வலியை அடக்கிவைக்கும். சில நோய்கள் ஏறி இறங்கும் இயல்புள்ளவை. நாம் ஜெபத்துக்கு ஓடுவது ஏறிய நேரத்தில், அதனால் அடுத்து வருவது பெரும்பாலும் இறக்கம்தான். சாட்சி சொல்பவர் பொய் சொல்வதில்லை. அன்றைக்கு உணர்ந்ததைச் சொல்கிறார். அதன் பிறகு நடந்தது சபையின் காதுக்கு வருவதே இல்லை.

மார்ச் 12, புதன்

வில்லியம் நோலன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் அந்த வேலையைச் செய்திருக்கிறார். 1970களில் பெரிய கூட்டங்கள் நடத்திய கேத்ரின் குல்மனின் சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய், குணமானதாகச் சொன்னவர்களை அப்புறம் தேடிப்போய்ப் பார்த்தார். அற்புதம் என்று சொல்லத்தக்க ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. முதுகெலும்பில் புற்றுநோய் இருந்த ஒரு பெண் தாங்குபட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேடையில் ஓடியிருக்கிறார். மறுநாள் முதுகெலும்பு நொறுங்கியது. நான்கு மாதத்தில் இறந்துபோனார். மேடையில் ஓடியதைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

கத்தோலிக்கர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானம். பிரான்சின் லூர்து நகரில் 1858 முதல் பதிவான குணங்கள் 7,000க்கும் மேல். திருச்சபை அற்புதம் என்று ஏற்றவை 70ஐச் சற்றே தாண்டும். நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும், குணம் சட்டென்றும் முழுமையாகவும் வந்திருக்க வேண்டும், சிகிச்சை அதற்குக் காரணமாக இருக்கக் கூடாது, குணம் நிலைக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் லம்பர்தீனி, பின்னாளில் போப் 14ஆம் பெனடிக்ட் ஆனவர், வகுத்த அளவுகோல் இது. ஏற்றுக்கொள்ளப்பட்ட அத்தனையும் அற்புதம்தான் என்று நான் சொல்லவரவில்லை. விசுவாசிகளே வருடக்கணக்கில் காத்திருந்து கேள்வி கேட்கிறார்கள், அதனால் அவர்கள் விசுவாசம் குலைந்துவிடவில்லை. எனக்கு அது போதும்.

ஜெபத்தையே அளந்து பார்த்ததும் உண்டு. 2006இல் வெளியான ஆய்வு, இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேர். தங்களுக்காக ஜெபம் நடக்கிறதா என்று தெரியாதவர்களில், ஜெபம் பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் சிக்கல்களில் வித்தியாசமே இல்லை. தங்களுக்காக ஜெபம் நிச்சயம் நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்குத்தான் சிக்கல் சற்று அதிகம், 59 சதவீதம் பேருக்கு. இதைப் படித்ததால் என் ஜெபம் நின்றுவிடவில்லை. ஆனால் ஜெபத்தை மாத்திரைக்கு மாற்றாகச் சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மார்ச் 15, சனி

போதகரைப் பார்த்தேன். நல்ல மனிதர். எங்கள் வீட்டுத் துக்கத்தில் விடிய விடிய கூட இருந்தவர். அக்காவின் கதையைக் கேட்டுக் கலங்கிப்போனார். ஆனாலும், "கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாகன்னு இருக்கே தம்பி" என்றார்.

அந்த வசனம் எங்கே வருகிறது என்று பார்க்கலாம் ஐயா என்றேன். இயேசுவை ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொல்கிறான். குதிக்க மறுத்து அவர் சொன்ன பதில் அது. அப்படியானால் கர்த்தரைப் பரீட்சை பார்த்தது யார்? சுகர் எவ்வளவு என்று பார்த்த நானா, இன்சுலினை நிறுத்திவிட்டுத் தூதர்கள் தாங்குவார்கள் என்று காத்திருக்கச் செய்த போதனையா? "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதியது சபைக்குத்தானே?

வெகுநேரம் பேசவில்லை அவர்.

அப்புறம் இன்னொரு விஷயத்தையும் சொன்னேன். பிறவியிலேயே நடக்க முடியாத மகனோடு ஒரு சகோதரி வருவார். இப்போது வருவதில்லை. சுகமளிக்கும் கூட்டம் வந்தாலே அந்தப் பையனின் சக்கர நாற்காலியை ஓரமாக விடச் சொல்வார்கள். முன்னே அழைக்கப்படுவதெல்லாம் தலைவலியும் தோள்வலியும்தான். அமெரிக்க ஊழியக்காரர் பீட்டர் போபாஃபின் கூட்டங்களில் நடக்க முடிகிறவர்களையே சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பிறகு எழுப்பி நடக்கவைத்ததை ராண்டி எழுதியிருக்கிறார். கடவுள் தந்ததாக போபாஃப் சொன்ன 'வெளிப்பாடு'கள் காதில் இருந்த சிறு கருவிக்கு ரேடியோ வழியாக அவர் மனைவி சொன்ன தகவல்கள் என்பதும் 1986இல் வெளிவந்தது. எங்கள் சபையில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தத் தாயிடம் ஒருவர் "இன்னும் விசுவாசிக்கணும் சிஸ்டர்" என்றார். வருடக்கணக்கில் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவரிடம்! தன் தோழன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுலே எழுதுகிறார். யாருடைய விசுவாசம் குறைவு என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

"அவங்க வீட்டுக்கு நான் போகணும்" என்றார் போதகர்.

மார்ச் 23, ஞாயிறு

போதகரிடம் நான் கேட்டுக்கொண்ட அறிவிப்பு இன்று வந்தது. மருத்துவர் சொல்லாமல் யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம், ஜெபித்துக்கொண்டே மருந்தும் எடுங்கள் என்று போதகர் தெளிவாகச் சொன்னார். பின்வரிசையில் சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா எழுந்து நின்று தனக்கு நடந்ததை முழுதாகச் சொன்னார், ஊசியை நிறுத்தியது முதல் மருத்துவமனை வரை. இந்தச் சபையில் நான் கேட்டதிலேயே மிகத் துணிச்சலான சாட்சி அதுதான். ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் முதலில் பலர் விழித்தார்கள்.

சுகமானதாகச் சொல்பவர்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகு சாட்சி சொல்லட்டும் என்ற என் இரண்டாவது வேண்டுகோளுக்குச் சபை மூப்பர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. "ஆவியானவரைத் தடுக்கக் கூடாது" என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் லேவியராகமம் 13ஐக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்பேன்.