நாலு சக்கரத்துக்கும் ஒரே சுற்று

"ஏண்ணா, பின்னாடி ரெண்டு மட்டும் மாத்திக்கலாமா? முன்னாடி இன்னும் பட்டன் இருக்கே." கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் டயர் வேலை நடக்கும் பட்டறைகளில் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. பட்டன் என்பது டயரின் மேல் தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள். சாதாரணக் காராக இருந்தால் பதில் சுலபம். ஒரே ஆக்சிலில் இரண்டும் ஒன்றுபோல இருக்கட்டும், புதியது பின்னால் போகட்டும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கும் அதே பதிலைச் சொன்னால் வண்டிக்காரரின் பணத்துக்கு நாமே உலை வைத்ததாக ஆகும். அவர் மிச்சப்படுத்தும் இரண்டு டயர் விலையைவிட, எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்தனுப்பும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வேலை பெரியது.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்சி இவையெல்லாம் பார்ட் டைம் வகை, அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுப்பவை. டூ ஹையில் ஓடும்போது பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும், முன் சக்கரங்கள் தம் போக்கில் உருளும். ஃபோர் ஹையில் போட்டதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றோடொன்று பூட்டிவிடும். ஒரே ஆக்சிலின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே கிரவுனுக்குள் (ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரக் கூடு) டிஃபரன்ஷியல் இருக்கிறது. அவை வேறு வேறு வேகத்தில் சுற்றினாலும் அது சமாளித்துக்கொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை. முன் ஷாஃப்ட் எத்தனை சுற்றோ, பின் ஷாஃப்டும் அத்தனை சுற்றுதான்.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். 245/75 ஆர்16 டயரின் பக்கச்சுவர் உயரம், அகலமான 245 மி.மீ.-இல் 75 விழுக்காடு, அதாவது 183.75 மி.மீ. மேலும் கீழுமாக 367.5. ரிம் 16 அங்குலம் என்றால் 406.4 மி.மீ. கூட்டினால் விட்டம் ஏறக்குறைய 774 மி.மீ., சுற்றளவு 2,431 மி.மீ. பின்னால் 11 மி.மீ. பட்டன் உள்ள புது ஏடி (தார், மண் இரண்டுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன்) டயர், முன்னால் 4 மி.மீ.க்குத் தேய்ந்த அதே டயர் என்று வைத்துக்கொள்வோம். தேய்ந்ததன் விட்டம் 14 மி.மீ. குறைவு, சுற்றளவு 44 மி.மீ. குறைவு. ஒரு கிலோமீட்டர் போக புதுச் சக்கரம் 411 சுற்றுச் சுற்றும், தேய்ந்தது 419 சுற்ற வேண்டும். கிரவுன் விகிதம் நாலுக்கு ஒன்று, அதாவது சக்கரம் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் நாலு சுற்று என்றால் ஷாஃப்ட் அளவில் இந்த வித்தியாசம் கிலோமீட்டருக்கு முப்பது சுற்று. இரண்டு ஷாஃப்டும் பூட்டியிருக்கும்போது அந்த முப்பது சுற்று எங்கே போகும்? செம்மண்ணிலும் ஆற்று மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுக்க ட்ரான்ஸ்ஃபர் கேஸ் செயினிலும் கியரிலும் ஷாஃப்ட் கிராஸிலும் (ஷாஃப்டின் மூட்டு) ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரே அளவு டயர் நாலும் இருந்தாலே தார் ரோட்டில் ஃபோர் ஹை கூடாது என்பார்கள். வளைவில் முன் சக்கரங்கள் அகன்ற வட்டத்தில் போவதால் முறுக்கு ஏறும் என்பது அதற்குக் காரணம். டயர் கலந்திருந்தால் நேர் ரோட்டிலேயே முறுக்கு ஏறுகிறது. மழையில் வத்தல்மலை ஏறும்போது பிடிப்பு வேண்டும் என்று லீவரை ஃபோர் ஹைக்குத் தள்ளிவிட்டு, மேலே போனபின் காய்ந்த ரோட்டில் எடுக்க மறந்துவிடுவது சகஜம். லீவர் டூ ஹைக்குத் திரும்ப மறுக்கும். ஸ்டியரிங் கனக்கும். திருப்பத்தில் வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல் தயங்கித் தயங்கிக் குதிக்கும். அந்த நேரத்தில் லீவரை உதைத்து இழுக்கக் கூடாது. ரிவர்ஸில் நேராகச் சில மீட்டர் போனால் முறுக்கு தளரும், லீவர் தானாக விழும். இது அடிக்கடி நடந்தால் லீவரைக் குறைசொல்லும் முன் டயரை அளந்து பார்ப்பது நல்லது.

பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவை நம்பி மட்டும் ஜோடி சேர்க்கக் கூடாது. ஒரே 245/75 ஆர்16 என்று போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி உண்மை விட்டம் சில மி.மீ. மாறும். ஒரே கம்பெனியிலேயே தார் ரோட்டுக்கான ஹெச்டி வகைக்கும் ஏடி வகைக்கும் பட்டன் ஆழம் வேறு. அதனால் அளந்துவிடுவதே மேல். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டயர் ஆறியிருக்கும்போது நாலிலும் ஒரே காற்று வைத்து, சமதளமான நேர் ரோட்டில் வண்டியை டூ ஹையில் நிறுத்துங்கள். நாலு சக்கரத்திலும் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பின் இடது சக்கரம் சரியாகப் பத்துச் சுற்று முடிக்கும்வரை மெதுவாக நேராக நகர்த்துங்கள். ஏறக்குறைய 24 மீட்டர் ஆகும். இப்போது மற்ற மூன்று சக்கரங்களின் கோடு தரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். வண்டியின் எடை ஏறிய நிலையில் டயர் நிஜமாக எப்படி உருளுகிறதோ அதையே இந்த அளவு காட்டும். ரேடியலின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிப் பட்டை நீளாது. அதனால் பட்டன் தேய்வை வைத்துப் போட்ட கணக்கைவிட உருளும்போது வித்தியாசம் கொஞ்சம் குறைவாகவே வரலாம். பத்துச் சுற்றில் 12 செ.மீ.க்குள் இருந்தால், அதாவது அரை விழுக்காட்டுக்குள் இருந்தால், பார்ட் டைம் வண்டிக்கு ஏற்றுக்கொள்ளலாம். பட்டன் ஆழத்தில் அது சுமார் 2 மி.மீ. எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் கார்களுக்கு இதைவிடக் கறாரான அளவு உண்டு. சுபாரு சுற்றளவில் கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. அந்த வண்டிகளில் முன்னையும் பின்னையும் இணைக்கும் கப்ளிங் சூடாகி அடிபடும். அவற்றுக்குக் கைப்புத்தகத்தில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும்.

எந்த வகை டயர் என்ற கேள்விக்கு வருவோம். இந்த இரண்டு மாவட்டத்திலும் பெரும்பாலான ஃபோர் வீல் வண்டிகள் அதிக கிலோமீட்டர் ஓடுவது தார் ரோட்டில்தான். ஓசூர், பெங்களூர், சேலம் என்று 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், அதன்பின் மாந்தோப்புக்கோ குவாரிக்கோ கடைசி மூன்று நாலு கிலோமீட்டர் மண் பாதை. அதற்கு ஏடி போதும். சேற்றுக்கான எம்டி டயரின் பட்டன் கட்டை கட்டையாக, இடைவெளி அகலமாக இருக்கும். சேறு உதிர அது உதவும். ஆனால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு, அதனால் நனைந்த தாரில் பிரேக் தூரம் கூடும். சத்தம், டீசல் செலவு, சீக்கிரம் தேய்வது எல்லாம் கூடவே வரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மழை நேரத்தில் எம்டி டயரோடு இறங்குவதை நினைத்தாலே மனசு ஒப்பவில்லை. தோற்றத்துக்காக எம்டி கேட்பவரிடம் இதை ஒருமுறையாவது சொல்லிவிட வேண்டும். அஞ்செட்டி, சித்தேரி மலைப் பக்கம் மழைக்காலம் முழுக்க மண் பாதையிலேயே ஓடும் வண்டிக்கு எம்டி நியாயம். அது தனிக் கதை.

கருங்கல் குவாரிக்குப் போகும் வண்டிக்குப் பட்டனைவிடப் பக்கச்சுவர்தான் முக்கியம். சக்கைக்கல்லின் கூர் விளிம்பு பக்கச்சுவரைக் கிழித்தால் அதற்குப் பஞ்சர் வேலையே கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும். அதற்காக எல்டி (லைட் டிரக்) வகை டயர் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்டி டயர் கனமான சுமைக்கானது, ஆனால் அதிகக் காற்றில்தான் அந்தச் சுமையைத் தாங்கும். சாதாரண டயருக்கு வைக்கும் அதே காற்றில் அது தாங்கும் எடை குறைவு. முன்னால் சாதாரண டயர், பின்னால் எல்டி என்று கலந்து, நாலுக்கும் ஒரே காற்று வைப்பது தவறு.

பெரிய டயர் ஆசையும் இப்படித்தான். 215/75 ஆர்15 போட்ட பொலிரோவுக்கு 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 703.5-இலிருந்து 733.5 மி.மீ. ஆகும். நாலு விழுக்காடு கூடுதல். மீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-க்கு மேல் போகும். சுமையோடு மேடு ஏறும்போது ஒரு கியர் கீழே இறக்க வேண்டி வரும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் எங்காவது உரசும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்துவிட்டால், பஞ்சரான அன்று அதை மாட்டி ஃபோர் ஹையில் போட முடியாது.

பழைய ஜீப்புகளில் 6.00-16 நைலான் டயர் இன்னும் ஓடுகிறது. அதோடு ரேடியலைக் கலப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். இரண்டின் சுவரும் வளையும் விதமே வேறு. திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறு வேறு விதமாக நழுவும்.

கலப்பில் சிக்காமல் இருக்க நல்ல வழி ஸ்டெப்னியையும் உழைக்க விடுவது. ஐந்தும் ஒரே ரிம், ஒரே அளவு, ஒரே பட்டன் டிசைன் என்றால், 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஐந்தையும் சுழற்சியில் மாற்றலாம். ஸ்டெப்னி பின் வலதுக்கு, பின் வலது முன் வலதுக்கு, முன் வலது பின் இடதுக்கு, பின் இடது முன் இடதுக்கு, முன் இடது ஸ்டெப்னிக்கு. ஐந்தும் சேர்ந்தே தேயும், சேர்ந்தே முடியும். பக்கச்சுவரில் அம்புக்குறி போட்ட டயருக்கு இது ஒத்துவராது, ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் போடாமல் பக்கம் மாற்ற முடியாது. செலவு ஐந்து டயருக்கு என்று முதலில் தயங்குவார்கள். ஆனால் சுழற்சியில் விடாத ஸ்டெப்னி வண்டிக்குக் கீழே தொங்கியே வயதாகிவிடுகிறது. பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் முழுசாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் ஆனால் வருடாவருடம் வெடிப்பு பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆனால் கழித்துவிட வேண்டும்.

சுழற்சி செய்யாத வண்டியில் பாதித் தேய்ந்த நிலையில் ஒரு டயர் கிழிந்தால்தான் தர்மசங்கடம். ஒற்றைப் புது டயர் போட்டால் அந்த ஆக்சிலின் கிரவுன் ஓயாமல் வேலை செய்யும், ஃபோர் ஹையில் முறுக்கும் ஏறும். வேறு வழியே இல்லாமல் இரண்டு புதிது வாங்கினால் இரண்டும் பின்னால். நனைந்த ரோட்டில் பின்பக்கம் பிடிவிட்டால் வண்டி சுழன்றுவிடும், முன்பக்கம் பிடிவிட்டால் நேராகப் போகும். முன்பக்கம் நழுவுவதைச் சமாளிப்பது சுலபம். மண் பாதையில் மட்டும் ஃபோர் ஹை, தார் வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பதை டிரைவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்குப் பதில், அதே கம்பெனி, அதே டிசைன், அதே தேய்வில் ஒரு பழைய டயர் தேடுவது நல்லது. புது வண்டி எடுத்ததும் கம்பெனி டயரைக் கழற்றி வேறு போடுபவர்கள் உண்டு. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய அந்த டயர்கள் கடைகளில் அடுக்கிக் கிடக்கும். பட்டன் ஆழம் அளக்கும் கேஜை மூன்று இடத்தில் வையுங்கள்: உள் ஓரம், நடு, வெளி ஓரம். ஏற்கெனவே உள்ள டயர்களோடு 2 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கச்சுவரின் உள்புறம் கறுப்புத் தூள் உதிர்ந்திருந்தாலோ வட்டமாகத் தேய்ந்த கோடு இருந்தாலோ காற்றில்லாமல் ஓட்டப்பட்டது என்று பொருள், அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். பட்டன் பகுதியில் ஒரு மஷ்ரூம் பேட்ச் (உள்ளிருந்து துளையை அடைக்கும் காளான் வடிவ ஒட்டு) இருந்தால் பரவாயில்லை. தோள்பட்டையிலோ சுவரிலோ பேட்ச் இருந்தால் வேண்டாம்.