வேலைக்குத்தான் சாவி, ஆளுக்கு இல்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடைக்கு கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுக்கிறேன். போன வாரம் யூசர் பட்டியலைத் திறந்தால், வேலையை விட்டுப் போய் எட்டு மாதமான ஒரு ஊழியரின் லாகின் அப்படியே இருக்கிறது. பில்லை அழிக்கலாம், விலையை மாற்றலாம். பகீர் என்றது.

முதலில் பில்லிங், அப்புறம் ஸ்டாக், கடைசியில் கணக்கு என்று அவர் மாற மாறப் புது அனுமதி சேர்த்தார்களே தவிர, பழையதை யாரும் எடுக்கவில்லை.

இதற்குத்தான் ரோல் முறை, அதாவது பார்க்கும் வேலையை வைத்து அனுமதி கொடுப்பது. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற அரசுத் தர நிர்ணய நிறுவனத்தில் ஃபெராயோலோ, குன் இருவரும் 1992-ல் இதை முறைப்படி வரையறுத்தார்கள். அனுமதி ரோலுக்கு, ஆளை அந்த ரோலில் சேர்த்தால் போதும். வேலை மாறினால் ரோலை மாற்றிவிடலாம்.

நாலு ரோல் போட்டோம். பில் போடுகிறவர் இனி ரத்து செய்ய முடியாது, அது மேலாளர் ரோலில் மட்டும்.

"என்மேல சந்தேகமா தம்பி?" என்றார் கவுன்ட்டர் அக்கா.

"இல்லக்கா, நாளைக்கு கணக்கு இடிச்சா உங்க தலையில விழக் கூடாதுன்னுதான்."

முகம் தெளிந்தது. மானிட்டரில் அட்மின் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருந்த சீட்டை முதலாளியே கிழித்துப் போட்டார்.